யார் அதிகம் துடுப்புப் போட்டது?

சோக நாவலைவிடச் சிரிப்பு நாவலுக்கு ஆயுள் குறைவு என்பது பொதுவான எண்ணம். ஒருமுறை அழவைத்த பக்கம் இருபது வருடம் கழித்தும் தொண்டையை அடைக்கும்; ஒருமுறை சிரிக்கவைத்த பக்கமோ, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி செத்துவிடும். எப்போதோ வயிறு வலிக்கச் சிரித்த புத்தகத்தை நடுவயதில் மறுபடி எடுக்கப் பலர் தயங்குவதும் இதனால்தான். இதற்கா இவ்வளவு சிரித்தோம் என்று வெட்கப்படும்படி ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் பெரும்பாலும் நியாயமானதே. ஆனால் 1889இல் வெளிவந்த ஜெரோம் கே. ஜெரோமின் ‘த்ரீ மென் இன் எ போட்’ நாவலிடம் அது பலிப்பதில்லை. வெளிவந்த நாளிலிருந்து இன்றுவரை அச்சில் இருக்கும் புத்தகம் அது. அதிலுள்ள வேடிக்கைச் சம்பவங்கள் காலத்தால் அழியாதவை என்று காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. முதல் தடவை படிக்கிறபோது நாம் சம்பவங்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். மறுமுறை படிக்கையில், அவற்றை நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிப்பு இடம் மாறுகிறது. அதனால்தான் தீரவில்லை என்பது என் கட்சி.

கதை என்று சொல்ல அதிகமில்லை. லண்டனைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள்: கதை சொல்லும் ‘ஜே’, ஹாரிஸ், ஜார்ஜ். கூடவே மான்ட்மொரன்சி என்ற நாய். அதிகம் உழைத்து உடம்பு கெட்டுவிட்டது என்று தங்களுக்குள் முடிவுசெய்துகொண்டு, தேம்ஸ் நதியில் கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை இரண்டு வாரம் படகில் போய்வரக் கிளம்புகிறார்கள். ஹாரிஸும் ஜார்ஜும் ஜெரோமின் நிஜ நண்பர்கள். கார்ல் ஹென்ட்ஷெல் என்பவர் ஹாரிஸ், ஜார்ஜ் விங்கிரேவ் என்ற வங்கி ஊழியர் ஜார்ஜ். நாய் மட்டும் கற்பனை. ஜெரோம் திருமணமாகித் தேனிலவிலிருந்து திரும்பிய கையோடு இதை எழுதத் தொடங்கினார். அப்போது அவர் மனத்தில் இருந்தது தேம்ஸ் நதியின் வரலாற்றையும் கரையோர ஊர்களின் சிறப்பையும் சொல்லும் கனமான ஒரு நூல். நடுவே இளைப்பாறக் கொஞ்சம் நகைச்சுவை. எழுத எழுத இளைப்பாறல்தான் வந்துகொண்டே இருந்தது, வரலாறு வரவில்லை. பத்தி பத்தியாகச் செருகிய வரலாற்றையும், தொடராக வெளியிட்ட ‘ஹோம் சைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் எஃப். டபிள்யூ. ராபின்சன் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிட்டார். தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களைத் திட்டுகிற எழுத்தாளர்கள் ராபின்சனுக்காக ஒரு நிமிடம் மனம் மாறலாம்.

மூட்டை கட்டும் காட்சியிலிருந்து தொடங்குவோம். மூட்டை கட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை, அந்த வேலையை என்னிடம் விடுங்கள் என்கிறான் ஜே. நண்பர்கள் உடனே சம்மதிக்கிறார்கள். ஜார்ஜ் பைப்பைப் பற்றவைத்துச் சாய்வு நாற்காலியில் சாய்கிறான், ஹாரிஸ் மேஜைமேல் காலைப் போட்டுச் சுருட்டு பிடிக்கிறான். ஜேக்குச் சுருக்கென்கிறது. வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னதன் அர்த்தம், நீங்கள் கட்டுங்கள், நான் மேற்பார்வை செய்கிறேன் என்பதுதான். அதன்பிறகு நடப்பது பலருக்கும் நினைவிருக்கும்: பெட்டியை மூடி வாரிறுக்கிய பிறகு, உள்ளே வைக்காத பூட்ஸ், அதைத் திணித்த பிறகு பல் தேய்க்கும் பிரஷ் சந்தேகம், எல்லாவற்றையும் வெளியே கொட்டித் தேடினால் பிரஷ் பூட்ஸுக்குள். இதற்குச் சற்று முன்னால், அதாவது ஓர் அத்தியாயம் முந்தி, இதே ஜே தன் பாட்ஜர் மாமாவின் கதையைச் சொல்லியிருக்கிறான். சுவரில் ஒரு படம் மாட்ட வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஓடவிட்டு, விரலைக் கிழித்துக்கொண்டு, நடுராத்திரியில் கோணலாக மாட்டிவிட்டு, இதற்கெல்லாமா ஆள் வைப்பார்கள் என்று பெருமைப்படும் மாமா. ஹாரிஸைப் பார்த்தால் அந்த மாமா ஞாபகம்தான் வருகிறது என்கிறான் ஜே. தனக்கும் அதே ரத்தம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. பலருக்கு இந்த நாவல் அறிமுகமானதே ஆங்கிலத் துணைப்பாடத்தில் தனியாகக் கத்தரித்துப் போட்ட பாட்ஜர் மாமா மூலமாகத்தான். கத்தரித்தபோது விழுந்துபோனது, இதைச் சொல்பவன் யார், ஏன் சொல்கிறான் என்பது. மாமா மட்டும் மிஞ்சினார்; மருமகன் தப்பித்துவிட்டான்.

இதைவிடப் பலமான சாட்சி நீராவிப் படகு விவகாரம். 1880களில் தேம்ஸ் நதியில் இரண்டு ஜாதிப் படகுகள்: துடுப்புப் போட்டுச் செல்பவை, நிலக்கரி எரித்துப் புகைவிட்டுச் செல்லும் சிறு நீராவிப் படகுகள். சரக்குப் போக்குவரத்து ரயிலுக்குப் போய்விட்ட பிறகு நதி பொழுதுபோக்குக்காரர்களின் கைக்கு வந்திருந்தது. விடுமுறை நாளில் இடம் பிடிக்கும் சண்டைக்குக் குறைவில்லை. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஜே நீராவிப் படகுகளை வைது தீர்க்கிறான். அவற்றின் விசில் சத்தம் ஆணவத்தின் குரல் என்கிறான். அதில் வருபவனைக் கொன்றால்கூட எந்த ஜூரியும் மன்னிக்கும் என்கிற அளவுக்குப் போகிறான். அந்த வாரம் முழுக்க மூவரும் வேண்டுமென்றே அவற்றின் வழியில் படகைக் குறுக்கே போட்டு, விசில் காதில் விழாததுபோல் நடித்து, அந்தப் படகுக்காரர்களைப் படாதபாடு படுத்துகிறார்கள். அதைச் சாதனையாகவும் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று அத்தியாயம் தள்ளி, பதினாறாம் அத்தியாயத்தில், ரெடிங்கில் தெரிந்தவர்களின் நீராவிப் படகு ஒன்று எதிர்ப்படுகிறது. இவர்கள் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. ஜே சுகமாகச் சாய்ந்துகொண்டு என்ன எழுதுகிறான் என்று நினைக்கிறீர்கள்? பயணம் அருமையாக இருந்திருக்கும், இந்தத் துடுப்புப் படகுப் பயல்கள் மட்டும் குறுக்கே குறுக்கே வராமல் இருந்தால். எவ்வளவு விசில் ஊதினாலும் நகர மாட்டேன் என்கிறார்கள். புத்தி வர ஒன்றிரண்டு படகுகளை இடித்துக் கவிழ்த்தால்தான் சரிப்படும் என்கிறான்.

இங்கே ஜெரோம் செய்யாமல் விட்டதைக் கவனிக்க வேண்டும். முன்பு இவன் என்ன சொன்னான், நினைவிருக்கிறதா என்று வாசகனின் விலாவில் இடிக்கவில்லை. ஜேயின் குரலில் சிறு தடுமாற்றமும் இல்லை. அன்றைக்கு இருந்த அதே நியாய ஆவேசம் இன்றைக்கும். நடுவில் மூன்று அத்தியாயம் இருப்பதால், முதல் தடவை வேகமாகப் படிக்கிறவர் இரண்டையும் தனித்தனி வேடிக்கையாகச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இரண்டாம் தடவைதான் முன்னதைப் படிக்கும்போதே பின்னது நினைவுக்கு வந்து, அந்த ஆவேசம் எவ்வளவு நேரத்துக்கு என்று தெரிந்தபடி படிக்கிறோம். ஒரு மனிதனின் கொள்கை அவன் உட்கார்ந்திருக்கும் படகைப் பொறுத்தது என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன இடம் ஆங்கில நகைச்சுவையில் அதிகம் இருக்காது. சாலையைக் கடக்கும்போது காரோட்டிகளையும், காரோட்டும்போது சாலையைக் கடப்பவர்களையும் வைகிற எவரும் இதைத் தொலைதூர விக்டோரியா காலத்து விஷயமாக நினைக்க முடியாது.

சரி, ஒரே ஒரு முரண்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு முழு நாவலுக்கு இப்படிப் பொருள் சொல்லலாமா என்று கேட்கலாம். ஒன்றுதான் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் திரும்பும் பக்கமெல்லாம் இதுதான். புத்தகம் தொடங்குவதே, பிரிட்டிஷ் மியூசியத்தில் மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டிய ஜே, அகர வரிசைப்படி எல்லா நோயும் தனக்கு இருப்பதாகக் கண்டுபிடிப்பதில். தரை துடைத்துத் துடைத்து வேலைக்காரப் பெண்களுக்கு வரும் முழங்கால் வீக்கம் ஒன்றுதான் அவனுக்கு இல்லை. அது ஏன் எனக்கு மட்டும் இல்லை என்று அவனுக்கு மனத்தாங்கல் வேறு. எட்டாம் அத்தியாய விருந்தில் ஒரு ஜெர்மானியர் பாடுகிறார். அது பயங்கர வேடிக்கைப் பாட்டு என்று இரண்டு மாணவர்கள் முன்கூட்டியே குறும்பாகச் சொல்லிவைத்திருப்பதால், ஜெர்மன் தெரியாத விருந்தினர் எல்லோரும் தெரிந்ததுபோல் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஜேயும் மாணவர்கள் சிரிக்கும் இடம் பார்த்துச் சிரிக்கிறான். பாட்டோ நெஞ்சை உருக்கும் சோகப் பாட்டு. வாலிங்ஃபோர்டு போய்த் திரும்பும் வழியில், ஓர் ஆற்றங்கரைச் சத்திரத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய மீன்; உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அதைத் தானே பிடித்ததாக, வெவ்வேறு எடை சொல்லி, மெய்சிலிர்க்கக் கதை சொல்கிறார்கள். ஜார்ஜ் எக்கிப் பார்க்கப்போய்க் கீழே விழுந்து உடைந்தபோதுதான் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த பொம்மை என்று தெரிகிறது. பதினைந்தாம் அத்தியாயத்தில் படகில் யார் அதிகம் வேலை செய்தது என்று வாக்குவாதம். பங்குக்கு மேல் உழைத்தது நான்தான் என்று மூவருக்கும் சந்தேகமே இல்லை. மூவரும் மனமாரத்தான் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் அந்த அன்னாசி டின் என்னாவது என்று ரசிகர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். டின்னைத் திறக்கக் கருவி இல்லை, பேனாக்கத்தி, கத்தரிக்கோல், படகைத் தள்ளும் கொக்கிக் கழி, கல், கடைசியில் பாய்மரக் கம்பம் என்று எதை வைத்து அடித்தும் டின் திறக்கவில்லை, ஆட்களுக்குத்தான் காயம். இதற்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை, முதல் தடவை போலவே பத்தாம் தடவையும் சிரிப்பு வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் அந்தப் பத்தியின் முடிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அடிபட்டு நசுங்கிய டின்னின் ஒரு பள்ளம், தங்களைப் பார்த்து இளிப்பதுபோல் தெரிகிறது மூவருக்கும். ஹாரிஸ் அதைத் தூக்கி நடு ஆற்றில் எறிகிறான். எல்லோருமாக அதைச் சபிக்கிறார்கள். டின் ஓப்பனரை மறந்தது யார் என்ற கேள்வியை, யார் நன்றாக மூட்டை கட்டுவது என்று நள்ளிரவு தாண்டியும் மல்லுக்கட்டிய மூன்று பேரில் ஒருவரும் எழுப்பவில்லை. குற்றவாளி டின்தான். கைகலப்புச் சிரிப்புக்கு அடியில்கூட அதே ஆள்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. கனமான நூல் எழுத உட்கார்ந்து, தவறிப்போய்ச் சிரிப்பு நூல் எழுதியவர் ஜெரோம். அவர் திட்டமிடாத நுட்பத்தை நாம் ஏன் அவர்மேல் ஏற்ற வேண்டும்? இதற்கு ஜெரோமின் முன்னுரையே பதில். இந்த நூலின் அழகு அதன் நடையிலோ, அது தரும் தகவலிலோ இல்லை, அதன் எளிய உண்மையில் இருக்கிறது என்று அதில் முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்கிறார். கூசாமல் புளுகப்போகிற ஒருவனின் கையில் சத்தியப் பிரமாணத்தைக் கொடுத்து அனுப்புகிற முன்னுரை அது. அவர் வளர்ந்த விதமும் ஒரு காரணம். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு நாடக நடிகர், பள்ளி ஆசிரியர், வக்கீல் குமாஸ்தா. வேலை செய்வதாகக் காட்டிக்கொள்வதற்கும் வேலை செய்வதற்கும் உள்ள தூரத்தைக் குமாஸ்தாவைவிட நன்றாக அளந்தவர்கள் யார்? அவரைப் படித்தவர்களும் பெரும்பாலும் அதே கூட்டம்தான். 1870இன் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு எழுதப் படிக்கக் கற்று, நகரத்து அலுவலகங்களில் உட்கார்ந்து, சனிக்கிழமை அரை நாள் விடுப்பில் ஆற்றங்கரைக்கு ரயிலேறிய தலைமுறை. விமர்சகர்களுக்கு இது பிடிக்கவில்லை. ‘பஞ்ச்’ பத்திரிகை அவர் பெயரைக் கொச்சை உச்சரிப்பில் ‘ஆரி கே. ஆரி’ என்று திரித்துக் கேலி செய்தது. மொழி தெருத்தனமானது, ரசனை கீழானது என்றெல்லாம் எழுதினார்கள். பிரிஸ்டலில் இருந்த பதிப்பாளர் ஆரோஸ்மித்தோ, இத்தனை பிரதிகளை மக்கள் என்னதான் செய்கிறார்கள், தின்றுவிடுகிறார்களா என்று வியந்தாராம்.

புத்தகத்தில் சிரிப்பே இல்லாத பக்கங்கள் உண்டு. மறுவாசிப்பில் அவை உறுத்துகின்றன என்பது உண்மை. ரன்னிமீடில் மேக்னா கார்ட்டா முத்திரையிடப்பட்ட காலைப்பொழுதைக் கண்முன் கொண்டுவர ஜெரோம் படும் பாடு, ராபின்சனின் கத்தரிக்கோல் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாமே என்று எண்ணவைக்கிறது. நிலவு, நட்சத்திரம், இரவின் அமைதி பற்றிய வர்ணனைகளுக்கும் அதே தீர்ப்புதான். ஆனால் கோரிங் அருகே வரும் காட்சியை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நீராவிப் படகு கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனதும், இப்போது துடுப்புப் போடுவது யார் முறை என்று சண்டை வருகிறது. ரெடிங்கிலிருந்து மூன்று மைல் வரை நான் ஓட்டுவதாகத்தான் பேச்சு. இப்போது பத்து மைல் வந்தாகிவிட்டது, இனி உங்கள் முறை என்பது ஜேயின் வாதம். அந்தப் பத்து மைலும் யாரோ இழுத்து வந்தது! கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே அவன் துடுப்பை எடுக்கிறான். ஒரு நிமிடம் ஆகவில்லை, தண்ணீரில் கறுப்பாக ஏதோ மிதக்கிறது. ஒரு பெண்ணின் உடல். காதலன் ஏமாற்ற, உறவினர் கதவடைக்க, கைக்குழந்தையோடு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்து வாரம் பன்னிரண்டு ஷில்லிங் சம்பாதித்தவள். கடைசிக் காசில் கோரிங்குக்கு டிக்கெட் எடுத்து வந்து ஆற்றில் இறங்கியிருக்கிறாள்.

முதல் வாசிப்பில் இது எங்கிருந்தோ வந்து ஒட்டிய உபதேசக் கதைபோல் தெரியும். அவளைப் பற்றிய நடையும் கண்ணீரில் கொஞ்சம் ஊறித்தான் இருக்கிறது. ஆனால் அது வைக்கப்பட்ட இடத்தைப் பாருங்கள். அதிகம் உழைத்து உடம்பு கெட்டுவிட்டது என்று கிளம்பியவர்கள், பத்து மைல் இழுத்துவரப்பட்டு, ஒரு மைல் துடுப்புக்குச் சண்டையிடும்போது, நிஜமாகவே உழைத்து மாய்ந்த ஒருத்தியின்மேல் படகு மோதப் பார்க்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஜே ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் இருந்தவர்கள் உடலைப் பொறுப்பேற்றுக்கொள்கிறார்கள், இவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த அத்தியாயம் ஆற்றில் துணி துவைக்கப் போய், ரெடிங்குக்கும் ஹென்லிக்கும் இடையில் தண்ணீரில் இருந்த அழுக்கையெல்லாம் துணியில் சேகரித்துக்கொண்டு வந்த கதை. இந்தத் தாவலை ரசனைக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. இரவல் துக்கத்தை ஒரு பக்கத்துக்கு மேல் சுமக்க முடியாதவனைச் சரியாகவே வரைந்திருக்கிறார் என்று சொல்ல இடமிருக்கிறது. நான் அந்தப் பக்கம்தான்.

இந்த வாதத்தை உரசிப் பார்க்க ஒரு வழி, மறுவாசிப்பில் சிரிப்பு நிஜமாகவே வற்றிப்போன இடங்களைப் பார்ப்பது. படகில் வரும் பெண்கள் நல்ல உடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருக்கப் படும் பாடு, அவர்கள் கயிறு பிடித்துப் படகிழுக்கும்போது நின்று நின்று பேசுவது என்று சில பக்கங்கள் உண்டு. அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். இன்று அவை வெறும் ஆண்பிள்ளைக் கிண்டலாக நிற்கின்றன. காலம் மாறிவிட்டது என்பது மட்டும் காரணமில்லை. ஜே பிறரைச் சொல்லும் மற்ற எல்லாக் குற்றமும் எங்கோ அவன் தலையிலேயே வந்து விழும். இந்தக் கிண்டல் மட்டும் திரும்பி வருவதில்லை. போன இடத்திலேயே தங்கிவிடுகிறது. 1900இல் ஜெரோம் அதே மூவரையும் சைக்கிளில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பி ‘த்ரீ மென் ஆன் த பம்மல்’ எழுதினார். ஜெர்மானியர்களின் ஒழுங்குப் பைத்தியத்தைப் பற்றி அதில் கூர்மையான பக்கங்கள் இருக்கின்றன, சைக்கிளைக் கழற்றிப்போட்டுப் பழுதுபார்ப்பதாகச் சொல்லும் ஆளை மறக்க முடியாது. ஆனாலும் முன்னதன் புகழ் இதற்கு வாய்க்கவில்லை. அதில் மூவரும் பெரும்பாலும் வெளியே பார்த்துச் சிரிக்கிறார்கள்.

புத்தகத்தின் முடிவு மறுமுறை படிப்பவருக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. இரண்டு வாரம் என்று சொல்லிக் கிளம்பினோம், செத்தாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம் என்று மூவரும் சூளுரைக்கிறார்கள். அடுத்த காட்சியில், பாங்போர்னில் படகைவிட்டு நழுவி, பாடிங்டன் ரயிலைப் பிடிக்கிறார்கள். அங்கே படகுக்காரரை ஏமாற்றினோம் என்று ஜே வாயாலேயே சொல்லிவிடுகிறான். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் படகைத் தயாராக வைக்கச் சொன்னோம், எதிர்பாராத ஏதாவது குறுக்கிட்டால் கடிதம் போடுகிறோம் என்றோம் என்று, அந்த ஏமாற்றையும் அதே நிதான முகத்தோடு விவரிக்கிறான். மறுபடி படிக்க நினைப்பவர்கள் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. பதின்மூன்றையும் பதினாறையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் படித்துவிட்டுப் பிறகு முன்னுரைக்கு வரலாம். மேக்னா கார்ட்டாவைத் தாராளமாகத் தாண்டிவிடலாம். ராபின்சன் இருந்திருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.